கெக்கேபிக்கே சங்கத்து மயில்வாகனம்

மயில்வாகனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அந்தத் தெருவில் மூன்று தறி நின்றுவிடும். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் பக்கத்து வீடுகளில் இருப்பவை. அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலேயே அவர்களுக்கும் சிரிப்பு பிடித்துக்கொள்ளும், கை ஆடும், ஊடிழை ஓட்டுகிற நாடா எங்கேயோ போய் விழும். "யோவ், வாயை மூடுய்யா, இழை அறுந்து போச்சு!" என்று திட்டிக்கொண்டே அவர்களும் சிரிப்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. சிரித்துப் பக்கத்து வீட்டுப் பிழைப்பைக் கெடுக்கிறவர் இவர் ஒருவர்தான்.

பிறவிக் கோளாறு ஐயா அது. பள்ளிக்கூடத்தில் மௌன அஞ்சலி என்றால் இவரை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் புரோகிதர் மந்திரத்துக்கு நடுவே ஒரு தும்மல் போட்டார், அவ்வளவுதான், மாப்பிள்ளை மணையிலேயே மடங்கி விழுந்து சிரித்தார். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவதுதான் வழக்கம். அன்றைக்கு இரண்டாவதையும் அவள்தான் போட வேண்டியதாயிற்று. "எனக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு முடிச்சு சம்பந்தந்தான், ரொம்ப ஆடாதீங்க" என்று அவர் மனைவி துர்காதேவி இன்றைக்கும் சொல்வாள்.

அவருடைய அண்ணன் குமாரவேல் நேர் எதிர். ஒரே வீடு. முன்கட்டில் அண்ணன் குடும்பம், பின்கட்டில் தம்பி குடும்பம், நடுக்கூடத்தில் இரண்டு தறியும் எதிரும் புதிருமாக. குமாரவேலுக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்பது அவர் மனைவிக்கும் பல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு முகம். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தபந்தத்தில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான். அவர் தலையாட்டாமல் அந்த வகையறாவில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனதில்லை.

மயில்வாகனம் சங்கம் கண்ட கதையைச் சொல்ல வேண்டுமே. ஒரு பங்குனித் திருவிழா. சாமி புறப்பாட்டுக்கு மைக்செட் போட்டவர் வீராசாமி. அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, எடுத்தார். மைக்கை அணைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். நான்கு வீதியிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அவர் குரல் கணீரென்று வந்தது: "அடியே சம்பூர்ணம், கோயில் வாசல்ல நின்னுக்கினு இருக்கறேன்டி, கருவாட்டுக் கொழம்பப் பத்திப் பேசாத, வாய் ஊறுது!" கற்பூரத் தட்டோடு நின்றிருந்த மயில்வாகனம் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு என்றால் சிரிப்பு, மூச்சு வாங்கவில்லை. யாரடா அது கிண்டல் பண்ணுகிறவன் என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு வந்த வீராசாமி, அந்த முகத்தைப் பார்த்ததும் தானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சாமி இருவரையும் சுற்றிக்கொண்டு போனது.

அன்று ஒட்டிக்கொண்டவர்கள்தான். அந்த வருடமே 'சிரித்தமுகச் சகோதரர் சங்கம்' என்று ஒரு பலகை எழுதி, ஒரு சைக்கிள் கடை மாடியில் மாட்டினார்கள். பலகையை யாரும் படிப்பதில்லை. ஊர் வைத்த பெயர் கெக்கேபிக்கே சங்கம். அமாவாசை அன்று தறிகளுக்கு விடுமுறை, ஆகவே அமாவாசை மாலைதான் கூட்டம். நெசவாளி, டீ மாஸ்டர், மெக்கானிக், ரிட்டையரான தபால்காரர் என்று சகல ஜனமும் உண்டு. செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழே விடுவதுபோல் சாதியையும் அங்கேயே விட்டுவிட்டு ஏற வேண்டும், மேலே எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். உம்மென்று வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவைத்து, அவன் சிரிக்கும்வரை கிச்சுகிச்சு மூட்ட இரண்டு தடியர்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு கஷாயம். கூட்டத்தின் கடைசி ஐட்டம் அது. இன்னொரு உறுப்பினரிடம் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தால், அதை எல்லோர் முன்னாலும் பெயர் போடாமல் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் பல் தெரியச் சிரித்துவிட்டால் முடிந்தது. பிறகு சொன்னவர் போய் அவர் காதில் மட்டும், "மச்சான், கஷாயம் உனக்குத்தான்" என்று உண்மையைச் சொல்வார். சிரித்தவர் கோபப்படக் கூடாது. சிரிக்காவிட்டால் தாராளமாகக் கோபப்படலாம். வாடகைக்குக் குடியிருந்த ஒருவர், கொடியில் காய்ந்த வீட்டுக்காரருடைய பட்டு வேட்டியைத் தன்னுடையது என்று கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்காரரின் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கே போய் முதல் பந்தியில் சாப்பிட்டுவந்ததை இப்படித்தான் கஷாயமாகக் கொடுத்துத் தப்பித்தார். சண்டை வெட்டுக்குத்து எதுவும் இல்லாமல் சங்கம் இத்தனை வருடம் ஓடியது இந்தக் கஷாயத்தால்தான்.

போன கார்த்திகை அமாவாசையில் வீராசாமி கஷாயத்துக்கு எழுந்தார். அவர் எழுந்தாலே பாதிப் பேர் சிரிப்பார்கள். தன் மைக்கைத் தானே தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"என் வீட்டுல ஒரு பையன் இருக்கறான்பா. பொறந்ததுலேர்ந்து சூரியன் உதிக்கறத பாத்ததில்ல. இப்ப ஆறு மாசமா கோழி எழுந்துக்கறதுக்கு முன்னாடி எழுந்துக்கறான். குளிக்கறான். சென்ட்டு அடிக்கறான் பாரு, எதிர்வீட்டு நாய் தும்முது! அந்த நாய்க்கு அலர்ஜின்னு ஊசி போட்டுக்கினு வந்தாங்கபா!"

மயில்வாகனம் ஏற்கெனவே தொடையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஒரகடம் கம்பெனி பஸ்ஸு எங்க தெருமுனையிலயே நிக்குது. இவன் அங்க ஏற மாட்டறான். எதிர்ப்பக்கமா நடந்து, பஸ்ஸு கெளம்பற எடத்துக்கே போறான். எதுக்குன்றே? ஜன்னல் சீட்டுல துண்டு போட. யாருக்கு? ஒரு பொண்ணுக்கு! சரி, புள்ள எதுல விழுந்தான்னு பாக்கலாம்னு அவன் பையத் தொறந்து பாத்தேன். அந்தப் பொண்ணு குடுத்து அனுப்பின டிபன் பாக்ஸு. உள்ள ஒரு இட்லி மிச்சம். கடிச்சேன்பா. நான் கடிச்சேனா, அது என்னைக் கடிச்சுதான்னு தெரியல. எம் மைக் ஸ்டாண்டு ஒண்ணு வருஷக்கணக்கா ஆடிக்கினு இருந்துது, அந்த இட்லிய அடியில குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஆடல!"

கூடம் அதிர்ந்தது. மயில்வாகனம் நாற்காலியிலிருந்து நழுவித் தரைக்கு வந்துவிட்டார். கண்ணில் நீர் கொட்டுகிறது. "யப்பா! யப்பா! போதும்பா! எங்க வீட்லயும் அதே கததான்பா! காஞ்சிபுரத்துல பொறந்து இட்லி வராத பொண்ணு எம் பொண்ணு ஒருத்திதான்னு நெனச்சுக்கினு இருந்தேன்!" என்று தரையை அறைந்து அறைந்து சிரித்தார். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

வீராசாமி மைக்கை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. காதோடு சொன்னார்: "மச்சான், கஷாயம் உனக்குத்தான். அது நம்ம குழலி பண்ண இட்லி."

பிரேக் பிடித்தும் நிற்காத லாரிபோல மயில்வாகனத்தின் சிரிப்பு இன்னும் கொஞ்ச தூரம் ஓடிற்று. உள்ளே எல்லாம் நின்றுபோன பிறகும் வாய் மட்டும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. குழலி அவருடைய ஒரே பெண், ஏலவார்குழலி. பையன் ராமராஜன், வீராசாமியின் மூத்தவன், ஒரகடத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குழலிக்கும் அங்கேதான் வேலை. மற்றவர்கள் யாருக்கு வந்த கஷாயம் என்று தெரியாமல் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தார். கோபப்படலாம் என்று வாயைத் திறந்தார். குழலி முந்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க சிரிச்சிட்டீங்களாமே?"

"யாருடி சொன்னது?"

"பல்லுகூட தெரிஞ்சுதாமே. அங்கிள் போன் பண்ணார்."

"தெரிஞ்சுதுடி! அதுக்கு? எனக்குக் கோவம் வருதுடி!"

"வரக்கூடாதே. சங்கத்து ரூல்ஸ எழுதினதே நீங்கதானே" என்று துர்காதேவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. மயில்வாகனம் நேராகக் கொல்லைக்குப் போய் அங்கே இருந்த தண்ணீர் மோட்டாரை, "ஏன் நாயே, ஒரு நாளாவது ஒழுங்கா ஏத்தறியா? யாரக் கேட்டு நின்னே? இந்த வீட்ல எனக்கு இன்னா மரியாதை இருக்குது?" என்று அரைமணி நேரம் திட்டினார். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. மனிதன் கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

கொட்டி முடித்ததும் வந்து குழலி எதிரில் உட்கார்ந்தார். அவள் அழவில்லை, மிரட்டவும் இல்லை. "நான் ஓடிப்போக மாட்டேன்பா. நீங்க வந்து நிக்கணும். பெரியப்பாவும் வந்து நிக்கணும். அப்பதான் கல்யாணம். இல்லைன்னா பரவால்ல, கெழவன் கெழவி ஆகறவரைக்கும் ரெண்டு பேரும் இப்படியே பஸ்ஸுல போய்க்கினும் வந்துக்கினும் இருக்கோம்" என்றாள். சொன்ன விதத்தில் அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அப்பன் பெண் அல்லவா.

பையனிடம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மயில்வாகனத்துக்கு அது தெரியும். விஷயம் சாதிதான், வேறு என்ன. இவர்கள் கோயிலை ஒட்டிய தெருவில் வழிவழியாகப் பட்டு நெய்கிற குடும்பம். வீராசாமியின் தாத்தா ஊருக்கு வெளியே குடியிருந்து அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சங்கத்து மாடியில் சாதியைச் செருப்போடு கீழே விட்டுவிட்டு ஏறியது உண்மை. இறங்கி வரும்போது அதையும் மறக்காமல் மாட்டிக்கொண்டு வந்ததும் உண்மைதானே என்று மயில்வாகனத்துக்கு அன்றைக்கு உறைத்தது. மச்சான், மச்சான் என்று வாய் ஓயாமல் கூப்பிட்ட மனிதரை ஒரு நாள் வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டதில்லை. வீராசாமி வாசலில் நின்று ஹாரன் அடிப்பார், இவர் வெளியே போவார், அவ்வளவுதான். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று இவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவமானமாக இருந்தது. நிஜமாகவே அவமானமாக இருந்தது.

"எனக்குச் சம்மதம்டி" என்றார் கடைசியில். "உங்க பெரியப்பாகிட்ட யாரு சொல்றது?"

அங்கேதான் இடித்தது. குமாரவேல் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதையும் மீறினால் நடுக்கூடத்தில் சுவர் எழும்பும், சொந்தம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடும். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எதிர்த்தறியில் உட்கார்ந்து நெய்வதை மயில்வாகனத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"உங்க அண்ணனுக்கும் கஷாயம் குடுங்களேன்" என்றாள் துர்காதேவி.

"அவரு சங்கத்துல மெம்பரே இல்லடி."

"ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா கூப்பிடுங்க. மேடை ஏறினா அவரும் சங்கத்து ரூல்ஸுக்குக் கட்டுப்பட்டவர்தான்."

யோசனை என்னவோ பிரமாதம். அண்ணனும் என்ன நினைத்தாரோ, "வரேன், ரொம்ப நேரம் உக்கார மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சிரிக்காத மனிதரைச் சிரிக்க வைக்கிற கதை வேண்டுமே! மயில்வாகனம் தறியில் உட்கார்ந்தபடி எதிரே அண்ணன்மேல் ஒவ்வொன்றாகப் பரீட்சை பண்ணிப் பார்த்தார். சென்ட்டுக்குத் தும்முகிற நாயைச் சொன்னார். "ஈரத்துல படுத்திருக்கும்" என்றார் அண்ணன். மணையில் தான் மடங்கி விழுந்த கதையைச் சொன்னார். "அன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க கால்ல நான் விழுந்தேன்" என்றார் அண்ணன். பக்கத்து இரண்டு தறிதான் நின்றது. அண்ணனுடைய தறி ஒரு தட்டுகூடத் தப்பாமல் ஓடியது.

இதற்கு நடுவில் ஆண்டு விழா அங்கவஸ்திரம் வேறு நெய்ய வேண்டும். வருடா வருடம் ஓர் உறுப்பினருக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்துவார்கள், அதை நெய்வது மயில்வாகனம். இந்த வருடம் வீராசாமிக்கு. அதில் சங்கத்தின் சின்னம் சரிகையில் வரிசையாக வரும். சின்னம் என்ன தெரியுமா? ஒரு சிரித்த வாய். கண், மூக்கு எல்லாம் கிடையாது, பல் வரிசையோடு வெறும் வாய் மட்டும். கழுத்தைச் சுற்றிப் போடுகிற துணி என்பதால் அதில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு முனையும் முன்னால் தொங்கும். ஒரே வாக்கில் நெய்துகொண்டே போனால் ஒரு பக்கம் வாய் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வந்துவிடும். அதனால் பாதித் துணி முடிந்ததும், உருவத்தைத் துணியில் இறக்குகிற ஜக்கார்டு அட்டைகளைத் திருப்பி ஓட்ட வேண்டும். நெய்தது உருளையில் சுற்றிக்கொண்டே போவதால் முன்பாதி கண்ணில் படாது, நினைவாகச் செய்ய வேண்டும். நேற்று தறியில் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான்.

மயில்வாகனம் மறந்தார். கை நெய்தது, மனசு அண்ணனுக்கு ஒரு ஜோக் தேடி அலைந்தது. விழா அன்று காலை அவசரமாக அறுத்து, மடித்து, காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார். பிரித்துப் பார்க்கவே இல்லை.

மாசி அமாவாசை மாலை, ஒரு சின்னக் கல்யாண மண்டபம். சங்கத்துக் குடும்பங்களெல்லாம் வந்து நிறைந்தாகிவிட்டது. ராமராஜன் அப்பாவுடைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றான். பெண்கள் வரிசையில் குழலியும் துர்காதேவியும், இரண்டு நாற்காலி தள்ளி வீராசாமியின் மனைவி சம்பூர்ணமும் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரர் பெண் வேஷம் போட்டு ஆடினார். டீ மாஸ்டர் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வரவேற்புரை ஆற்றினார், ஒரு வார்த்தை புரியவில்லை, பலத்த கைதட்டல். சின்னப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தன. மேடையில் குமாரவேல் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மயில்வாகனத்திடம் எப்படியோ ஒரு கதை தயார். போர்த்தி முடித்ததும் மைக்கைப் பிடிக்க வேண்டியதுதான்.

"சிறப்பு விருந்தினர் அங்கவஸ்திரம் போர்த்துவார்" என்று அறிவித்தார்கள். குமாரவேல் எழுந்து காகிதத்தைப் பிரித்தார், வீராசாமி குனிந்தார், துணி தோளில் விழுந்தது. வீராசாமி நிமிர்ந்து சபையைப் பார்த்துத் திரும்பினார்.

வலப்பக்கம் வரிசையாகச் சிரித்த வாய்கள். இடப்பக்கம் அத்தனையும் கவிழ்ந்த வாய்கள். பாதி உடம்பு கல்யாண வீடு, பாதி உடம்பு இழவு வீடு!

மண்டபம் இடிந்து விழாத குறை. "மயிலு மச்சான், கில்லாடி! எப்படிய்யா யோசிச்ச!" என்று கத்தினார்கள். வேண்டுமென்றே நெய்தது என்று நினைத்துவிட்டார்கள். வீராசாமி வலப்பக்கத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்து, இடப்பக்கத்தைத் தூக்கிக் காட்டி அழுதார், ஜனம் இன்னும் பேயாகக் கத்தியது. ஒரு வயதான அம்மாள் நாற்காலியோடு சாய்ந்தாள்.

குமாரவேல் துணியின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"மயிலு, அட்டைய திருப்பலையாடா?"

மைக் பக்கத்தில்தான் இருந்தது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதில் அது விழவில்லை. மைக்கை ஒட்டி நின்ற தம்பிக்குப் பக்கத்தில் வந்தார். "நம்ம வீட்ல யாரும் தறில வெளையாடறதில்ல. நீ இதை வேணும்னு நெய்யல, எனக்குத் தெரியும். அம்மா செத்த வாரத்துல ஒரு சேலை நெய்ஞ்சியே, அதுலகூட ஒரு தப்பு இல்லையேடா. உனக்கு இன்னாடா கவல? எங்கிட்ட சொல்லாத கவல இன்னா?"

மயில்வாகனம் வாயைத் திறந்தார். மாதக்கணக்கில் தேடித் தேடிப் பிடித்து வைத்திருந்த கதை ஒன்று இருந்ததே, அது வரவில்லை. இவ்வளவு பிரியமாகக் கேட்கிற மனிதரிடம் தந்திரம் பண்ண மனசு வரவில்லை.

"அண்ணா, நம்ம குழலிய வீராசாமி புள்ளைக்குக் குடுக்கணும்ணா. ரெண்டு பேரும் ஆசப்படறாங்க. எனக்கும் சம்மதம். நீதான் முன்னால நின்னு நடத்தணும்."

மண்டபத்தில் அதுவரை எழுந்த சிரிப்பெல்லாம் ஒன்றுமேயில்லை. அப்படி ஒரு சிரிப்பு எழுந்தது. இன்றைய நிகழ்ச்சியின் உச்சம் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். விசில் பறந்தது. "வீராசாமி, சம்பந்தி ஆயிட்டடா!" என்று ஒருவர் துண்டைச் சுழற்றினார். மயில்வாகனம் என்றைக்கு நிஜம் பேசியிருக்கிறார், இன்றைக்குப் பேசுவதற்கு?

அவர் சிரிக்கவில்லை. அப்படியே நின்றார். வீராசாமியும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்ற அவர் கண்ணில் பொலபொலவென்று நீர் இறங்கியது. முன்வரிசைக்காரர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், வாயை மூடினார்கள். திரும்பிப் பார்த்தால் பெண்கள் பக்கம் துர்காதேவி எழுந்து நிற்கிறாள், குழலி நிற்கிறாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சம்பூர்ணம் நிற்கிறாள். ஸ்பீக்கர் பக்கத்தில் ராமராஜன் ஒயரைப் பிடித்தபடி சிலையாக நிற்கிறான். வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தாமதமாக, "ஹோ ஹோ" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார்.

சிரிப்பில்லாத மயில்வாகனத்தின் முகத்தை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அந்த முகம் அப்படியே அண்ணன் முகமாக இருந்தது என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

குமாரவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள், குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இது புடிக்கலடா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

மயில்வாகனம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா நீ இப்படி நிக்கறியே, இது அதவிடப் புடிக்கல" என்றார் குமாரவேல். "இத எங்கிட்ட சொல்றதுக்கு நீ இவ்ளோ பயந்தியா? அவ்ளோ கெட்டவனாடா நானு?"

"இல்லணா."

குமாரவேல் எழுந்தார். நேராக வீராசாமியிடம் போனார். இத்தனை வருடத்தில் அவரிடம் மைக்கைக் குறை என்றும் கூட்டு என்றும் சொன்னதைத் தவிர இவர் வேறு பேசியதில்லை. எதிரில் போய் நின்றவர் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினார். பிறகு கேட்டார்: "பொண்ணு பாக்க எப்போ வர்றீங்க?"

ஊரையே பேசிச் சிரிக்க வைத்த வீராசாமி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் மெதுவாக, எதிரில் நின்ற குமாரவேலுக்கும் பக்கத்தில் நின்ற மயில்வாகனத்துக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, ஒரு கேள்வி கேட்டார்.

"நாங்க எத்தினி பேரு வரலாம்ணா?"

அந்தக் கேள்விக்கு மயில்வாகனம் உடைந்து அழுதுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். குமாரவேல் தம்பியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு வீராசாமியைப் பார்த்தார்.

"இது இன்னா கேள்விங்க? எல்லாரும் வாங்க. உள்ள வந்து உக்காந்து, சாப்ட்டுட்டுத்தான் போகணும்."